‘காத்திரு’ கருவிக்கு ஒரு விளக்கம்

காத்திரு. பக்கத்தில் நாம் கேட்டது தோன்றும்வரை இந்தக் கருவி ஏஜென்டை ஒன்றும் செய்யாமல் நிறுத்தி வைக்கும். ஒன்றும் செய்யாமல் என்பது சரியில்லை, அடித்துவிட்டேன். பார்த்துக்கொண்டே இருக்கும்படி நிறுத்தி வைக்கும். பார்ப்பதும் ஒரு வேலைதானே, அப்பா இப்போது ஆட்டோவில் அதைத்தான் செய்துகொண்டிருப்பார், பல்லாவரத்தில் ஏறியதிலிருந்து வழியில் வருகிற பலகைகளை எல்லாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டு, "மாவு மில்லு போயி அழகு நிலையம் வந்திருக்கு பாத்தியா" என்று ஆட்டோக்காரரிடம் வம்பு வளர்த்துக்கொண்டு, மடியில் பிளாஸ்க்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. பிளாஸ்க்கில் ஒரு டம்ளர் காபி இருக்கிறது. நான்தான் காலையில் கலந்து ஊற்றி மூடினேன், டிகாக்‌ஷன் தூக்கலாக, சர்க்கரை அரைக் கரண்டி. வாரத்துக்கு இரண்டு முறை அவருக்கு டயாலிசிஸ். மற்ற நேரமெல்லாம் தண்ணீரைப் பாட்டில் மூடியில் அளந்து குடிக்கிற மனிதர், ரத்தம் மெஷினுக்குள் ஓட ஆரம்பித்த முதல் ஒரு மணி நேரம் மட்டும் ஆசைப்பட்டதைக் குடிக்கலாம், உள்ளே போனதை மெஷினே எடுத்துவிடும். அங்கே படுத்திருக்கிற எல்லோருக்கும் இது ஒரு வழக்கம். பக்கத்துக் கட்டில்காரர் மாம்பழத் துண்டு கொண்டுவருவார், எதிர்க் கட்டில் அம்மாள் ரசத்தைச் சொம்போடு கொண்டுவருவாள். அப்பாவுக்குக் காபி. "அவனவன் கோயிலுக்குப் போயி சுண்டல் வாங்குறான், நான் ஊசி குத்திக்கிட்டு காபி வாங்குறேன்" என்பார். ஆனால் போன முறை சென்டரில் தண்ணீரைச் சுத்தம் செய்கிற மெஷின் பழுதாகி எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிளாஸ்க்கைத் திறக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தார், நான் அதைத் தொட்டியில் கொட்டினேன். அதிலிருந்து அவருக்குக் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். ஒன்று விட்டுப்போனது போகட்டும், அடுத்ததும் விட்டால் இதயம் தாங்காது என்று டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். இன்றைக்கு நாலு மணி முறை அவருக்கு. அது கிடைத்துவிட்டால் போதும், இந்த வாரம் தாண்டிவிடும்.

சரி, காத்திரு. என்ன கேட்டோமோ அதன் பெயர், எவ்வளவு நேரம் என்கிற எண், இரண்டையும் தரவேண்டும். நேரம் தராவிட்டால் என்ன ஆகும் என்று பக்கத்து மேஜை நவ்ஷாதைக் கேட்கவேண்டும். எங்கள் கம்பெனி ஏஜென்டுகளுக்குக் கை செய்து கொடுக்கிற கம்பெனி. யாரோ எங்கேயோ உட்கார்ந்து, எனக்கு டிக்கெட் போடு, என் கரண்ட் பில்லைக் கட்டு என்று சொன்னால், ஏஜென்ட், அதாவது ஒரு ஏஐ புரோகிராம், தானே பிரவுசரைத் திறந்து, பக்கத்தைப் படித்து, பட்டனைத் தேடி அமுக்கி, பெட்டிகளை நிரப்பி முடித்துவிட்டு வந்து நிற்கும். எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ஜாதி. பார், அமுக்கு, எழுது, உருட்டு, காத்திரு என்று அதற்கு ஒவ்வொரு கருவி, ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பக்கம் விளக்கம், விளக்கத்தின் கடைசியில் ஓர் எடுத்துக்காட்டு. அதை எழுதுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். எழுதுவது இங்கிலீஷில், ஆனால் நான் எதையும் தமிழில் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொள்வேன், தமிழில் சொல்ல வராதது எனக்கே புரியவில்லை என்று அர்த்தம். முன்பெல்லாம் மனிதர்களுக்கு எழுதினேன். மனிதர்கள் விளக்கத்தைப் படிக்கவே மாட்டார்கள், சாமானை உடைத்துவிட்டு, பிறகு வந்து திட்டுவதற்காகப் படிப்பார்கள். இப்போது என் வாசகர் ஏஜென்ட். அது ஒரு வரி விடாமல் படிக்கும். கொட்டாவி விடாது, சந்தேகப்படாது, இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று உதட்டைப் பிதுக்காது. இத்தனை வருஷத்தில் என்னை இவ்வளவு மரியாதையாகப் படித்த ஆள் வேறு யாருமில்லை என்று ஆரம்பத்தில் பெருமையாகக்கூட இருந்தது. பக்கம் வெளியே போவதற்கு முன்னால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எழுதியவர் சாப்பிடப் போகிற நேரத்தில், எழுதியவரின் கம்ப்யூட்டரிலேயே ஏஜென்டை உட்கார வைத்து, இந்த விளக்கத்தைப் படி, எடுத்துக்காட்டு ஒவ்வொன்றையும் ஒருமுறை செய்து பார் என்று விட்டுவிடுவோம். திரும்பி வந்தால் பச்சை டிக் இருக்கும், இல்லாவிட்டால் சிவப்புப் பெருக்கல் குறி இருக்கும். சாப்பாட்டு ஓட்டம் என்று அதற்குப் பெயர். என் பக்கங்களுக்கு நான் சரி என்று சொன்ன பிறகுதான் ஓட்டுவார்கள், இந்த வாரம் நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லாமலே இன்று ஒன்றரை மணிக்குத் தயிர்சாத டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்தபோது நவ்ஷாத் நாற்காலியைச் சுழற்றித் திரும்பி, "அக்கா, உங்க வேலைய முடிச்சிட்டேன். ரிலீஸ நாளைக்கே வச்சுட்டாங்க, அதான் நீங்க வர்றதுக்குள்ள ஓட்டிட்டேன். எல்லாம் பச்சை. பிரியாணி நீங்க வாங்கித் தர்றீங்க" என்றான். நல்ல பிள்ளை, எனக்கு ஒரு மணி நேரம் மிச்சம் செய்து கொடுத்திருக்கிறான். நானும் சிரித்தேன்.

எல்லாம் பச்சை. எல்லாம் என்றால் எல்லாமும். காத்திரு பக்கத்தில் இன்னும் எடுத்துக்காட்டு இல்லை, அதனால் அது கணக்கில் வராது. பார், உருட்டு, எழுது, அமுக்கு. நேரம் தராவிட்டால் கருவி முப்பது வினாடி நிற்கும், பிறகு ‘கிடைக்கவில்லை’ என்று சொல்லிவிட்டுத் திரும்பும் என்று எழுதுகிறேன், முப்பது என்பது யார் சொன்ன கணக்கு, யாரோ ஒரு பையன் காபி மெஷின் பக்கத்தில் நின்று சொல்லியிருப்பான். கிடைக்கவில்லை என்பது தவறு நடந்ததாக ஆகாது என்பதையும் சொல்லவேண்டும். அமுக்கு. அமுக்கு பக்கத்தை எல்லோரும் பாராட்டினார்கள். கிளிக் என்கிற ஒரு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு உயிரான எடுத்துக்காட்டு எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டார்கள். வேறெங்கே, எனக்குத் தெரிந்த பக்கத்தில்தான். மற்றவர்கள் எல்லோரும் பீட்சா வாங்குவார்கள், இல்லாவிட்டால் கோவாவுக்கு விமானம் ஏற்றுவார்கள், அந்தப் பக்கங்களில் எல்லாம் பட்டன் மூக்கும் முழியுமாக நடு வாசலில் நிற்கும், அதை அமுக்க ஏஜென்டும் வேண்டாம் விளக்கமும் வேண்டாம். எனக்கு ஒரு தரித்திரம் பிடித்த பக்கம் வேண்டியிருந்தது, பாதி தமிழ் பாதி இங்கிலீஷாக, மேலே யாரோ தலைவர் படம் தாமதமாக வந்து விழுந்து அமுக்கப்போன பட்டனைக் கீழே தள்ளிவிடுகிற பக்கம். டயாலிசிஸ் சென்டரின் பக்கம் அப்படிப்பட்டது. வாரத்துக்கு இரண்டு முறை இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் அப்பாவின் முறையைப் பதிவு செய்கிறேன், அவர் போனில் அந்தப் பக்கம் திறக்காது. ‘வருகிற முறை’ என்பதைத் தேடு, அதன் வலப்பக்கம் உள்ள ‘ரத்து’ பட்டனை அமுக்கு, ‘உறுதியா?’ என்று கேட்கும், ‘ஆம்’ என்பதை அமுக்கு. விளக்கத்துக்காகத் திரையைப் படம் எடுத்தபோது நான் ‘ஆம்’ வரைக்கும் போய், கொதிக்கிற பாத்திரத்தில் கை படப்போவதைப் போலச் சட்டென்று கையை எடுத்துவிட்டேன். எழுத்தில் மட்டும் ‘ஆம்’ இருக்கிறது. கடைசிவரை போகாத எடுத்துக்காட்டு எடுத்துக்காட்டே இல்லை என்பது எங்கள் டீமின் கொள்கை. ஓட்டத்துக்கு முன்னால் அதை மாற்றிப் பொய்ப் பக்கம் ஒன்று போட்டுவிடலாம், வெள்ளிக்கிழமை போடலாம் என்று வைத்திருந்தேன். இன்று புதன். புதன்கிழமை. எல்லாம் பச்சை என்று சொன்னானே. பச்சை என்றால் சொன்னதைச் செய்து முடித்தது என்று அர்த்தம்.

இல்லை. இருக்காது. நான் வெளியே வந்திருப்பேன், பக்கம் பாஸ்வேர்டு கேட்டிருக்கும், ஏஜென்ட் முழித்திருக்கும். முழித்திருந்தால் சிவப்புக் குறி வந்திருக்கும். நான் வெளியே வருவதே இல்லை, ஒவ்வொரு தரமும் படத்தில் கோணல்மாணலாக வருகிற அந்த ஆறு எழுத்துக் குப்பையைப் பார்த்து அடிக்கச் சோம்பல், ‘என்னை நினைவில் வை’ என்று டிக் போட்டு வைத்திருக்கிறேன். திரையின் கீழே மூன்றாவது ஜன்னலில் அந்தப் பக்கம் திறந்துதான் கிடக்கிறது. ஒரு அமுக்கு அமுக்கினால் தெரிந்துவிடும். அமுக்கவில்லை. பார்க்காதவரை ரத்தாகவில்லை என்று என்னை நானே ஏய்த்துக்கொண்டு இன்னொரு வரி எழுதுகிறேன், கேட்ட பொருள் தோன்றினால் கருவி உடனே திரும்பும், மீதி நேரத்தை வீணாக்காது.  அம்மா போன அன்றும் இப்படித்தான் நர்ஸ் கூப்பிட்ட பிறகும் நான் வராந்தாவில் நின்று சுவரில் இருந்த கை கழுவும் முறையைப் படம் படமாகப் படித்துக்கொண்டிருந்தேன், விரல் இடுக்கு, கட்டை விரல், மணிக்கட்டு. அன்றைக்கு அப்பாதான் வந்து தோளைத் தொட்டு, "வா, பாத்துடலாம்" என்றார். இப்போது தொட யாருமில்லை. அப்பா ஆட்டோவில் இருக்கிறார். குரோம்பேட்டைப் பாலம் தாண்டியிருப்பார். ஏஜென்ட் அந்த ‘உறுதியா?’ என்கிற கேள்விக்கு முன்னால் ஒரு நொடி நின்றிருக்குமா. நிற்காது, நிற்கச் சொல்லி நான் எழுதவில்லை. தலைவர் படம் வந்து விழுந்து பட்டன் கீழே நகர்ந்தபோதுகூட ஏமாறாமல் சரியாகத் தேடிப் பிடித்திருக்கும், அதற்குத்தானே அவ்வளவு நுணுக்கமாக எழுதினேன், எத்தனை பாராட்டு. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான். பீட்சா வாங்கித் தொலைத்திருக்கலாம். அமுக்கினேன். ஜன்னல் மேலே வந்தது, தலைவர் வந்தார், எல்லாம் கீழே நகர்ந்தது. தணிகாசலம், ஆண். வருகிற முறை: ஏதுமில்லை. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், உங்கள் வேண்டுகோளின்படி ரத்து செய்யப்பட்டது.

வேண்டுகோளின்படி. யார் வேண்டினார்கள். மறுபடி பதிவு செய்யப் போனால் இன்றைக்கு இடம் இல்லை, நாளைக்கு இல்லை, வெள்ளி இல்லை. சென்டருக்குப் போன் போட்டால் நாதஸ்வரம் வாசிக்கிறது, உங்கள் நலனே எங்கள் நலன் என்கிறது, மறுபடி நாதஸ்வரம், கல்யாண வீட்டுக்குப் போட்டுவிட்டேனோ என்று தோன்றுகிற அளவுக்கு நாதஸ்வரம், அதில் ஒரு பெண் குரல் நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள் என்கிறது. கடைசியில் சகாயமேரி சிஸ்டர் எடுத்தார், அப்பாவுக்கு எப்போதும் ஊசி போடுகிறவர். நான் தடுமாறித் தடுமாறிச் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அய்யோ, தணிகாசலம் அப்பாவா? நீங்கதானம்மா கேன்சல் போட்டீங்க. அவரு வேற ஊருக்குப் போறாரோன்னு நெனச்சேன்" என்றார். இல்லை சிஸ்டர், தவறிப் போச்சு, அவர் வந்துகொண்டே இருக்கிறார், ஒரு கட்டில், எந்தக் கட்டிலானாலும். "அந்தச் சீட்டு அப்பவே போயிடுச்சும்மா. கேன்சல் ஆனா வெயிட்டிங்ல முதல்ல இருக்கறவங்களுக்கு அதுவே மெசேஜ் அனுப்பிடும். ஒரு அம்மா காஞ்சிபுரத்துலேர்ந்து ஓடி வந்திருக்காங்க, இப்பதான் படுக்க வச்சேன். ஊசி ஏத்தியாச்சு. எறக்கச் சொல்றீங்களா?" இல்லை, சொல்லவில்லை. ஆனால் ஒரு கணம் சொல்ல நினைத்தேன். காஞ்சிபுரத்து அம்மாளைக் கட்டிலிலிருந்து இறக்க நினைத்தேன், அவளுக்கு ஒரு முகத்தைக்கூடக் கற்பனை செய்யாமல் நினைத்தேன். வேறு வழி என்ன சிஸ்டர். "சாயங்கால ஷிப்டுல யாராச்சும் வராமப் போனா அப்பாவப் போட்டுடறேன், முதல் ஆளா. சில பேரு வராமப் போவாங்க. மூச்சு ரொம்ப வாங்குச்சுன்னா மட்டும் யோசிக்காதீங்க, நேரா எமர்ஜென்சி." சில பேர் வராமல் போவார்கள். டயாலிசிஸுக்கு யார் வராமல் போவார்கள் என்று எனக்குத் தெரியும், சிஸ்டருக்கும் தெரியும். அந்தக் கட்டிலுக்கு யாரும் சோம்பலில் வராமல் இருப்பதில்லை. போனை வைத்த பிறகு என் வாய் தானாக முணுமுணுத்துக்கொண்டிருந்தது, யாராவது ஒருத்தர் வராமல் போகட்டும், யாராவது ஒருத்தர். எந்தச் சாமியிடம் இப்படி ஒரு வேண்டுதலை வைப்பது. எங்கள் வீட்டில் சாமி கும்பிடுகிற பழக்கமும் இல்லை, சுடர்விழி என்று பெயர் வைத்தவர் என்னைக் கோயில் வாசலுக்குக்கூடக் கூட்டிப்போனதில்லை. இருந்தாலும் வேண்டிக்கொண்டேன். எனக்கு என்மேல் அருவருப்பாக இருந்தது, வேண்டுவதை நிறுத்தவும் முடியவில்லை.

பையை எடுத்துத் தோளில் மாட்டியிருக்கிறேன், எப்போது மாட்டினேன் என்று தெரியவில்லை. பெருங்குடியிலிருந்து அங்கே போக இந்த நேரத்துக்கு ஒரு மணி நேரமாவது ஆகும், வண்டி தேடுகிற வட்டம் போனில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நவ்ஷாத் எட்டிப் பார்த்து, "என்னக்கா, எங்க கெளம்பிட்டீங்க? காத்திரு பக்கம் மட்டும்தான் பாக்கி" என்றான். அமுக்கு பக்கத்து எடுத்துக்காட்டை எடுத்துவிடு, உடனே, என்றேன். "ஏன், அதுதான் சூப்பரா ஓடுச்சு. ஒரு தடவைகூடத் தடுமாறல." அது எங்கப்பா முறைடா, என்றேன். அவன் முதலில் புரியாமல் சிரித்தான். "அது டெமோ பக்கம் இல்லியா?" இல்லை. "நெஜப் பக்கமா?" அவன் முகம் வெளிறிப்போவதைப் பார்த்தேன், அவனைத் திட்டலாம், சரி சொல்லாமல் எப்படி ஓட்டினாய் என்று கேட்கலாம், கேட்டு என்ன, ‘ஆம்’ என்று எழுதிய கை இது. எழுதினால் எழுத்தாகத்தான் கிடக்கும் என்று நினைத்துவிட்டேன். அதைச் செய்துவிடுகிற வாசகருக்குத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பது தெரிந்தே நினைத்தேன். ஏஜென்டின் கடைசி வரி இன்னும் திரையில் இருக்கிறது, கேட்டபடி முடித்துவிட்டேன் என்று, குழந்தை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சிலேட்டைக் காட்டுவதைப் போல. அதன்மேல் கோபப்படக்கூட வழியில்லை. போன் அடிக்கிறது. அப்பா. பெயர் ஒளிர்ந்து ஒளிர்ந்து அணைகிறது, அவருக்கு அது முழுதாக அடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பயந்துவிடுவார். எடுத்தேன்.

"சுடரு, வந்துட்டேம்மா. இங்க என் பேரு இல்லியாம்." இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு எடுக்கிறார், நடுவில் விசில் அடிப்பதுபோல ஒரு சத்தம். உட்கார்ந்திருக்கிறீர்களா அப்பா என்றேன். "பெஞ்சுலதான். மேரிப் பொண்ணு ஃபேன் போட்டுக் குடுத்துச்சு. ஏம்மா, ரத்து பண்ணிட்டேன்னு மெசேஜ் வந்திருக்கு பாரு என் போன்ல. காலையிலேர்ந்து லோன் வேணுமா லோன் வேணுமான்னு ஒரே மெசேஜ். கண்ணு தெரியாம எல்லாத்தையும் அமுக்கி அமுக்கி அழிச்சேன். அதுல எதையோ அமுக்கிட்டேன்போல. உனக்கு ஆபீஸ் வேலைக்கு நடுவுல தொல்லை. கோவிச்சுக்காத." கோபித்துக்கொள்ளாதே என்கிறார். இது ஒரு வாசல், திறந்தே கிடக்கிறது, நான் ‘சரி விடுங்கப்பா’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இதன் வழியாக வெளியே போய்விடலாம், அவர் சாகிறவரை, அது இன்றைக்கே இருந்தாலும், தன் விரல்தான் செய்தது என்று நம்பிக்கொண்டு போவார். நவ்ஷாத் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நீங்க இல்லப்பா, என்றேன். நான் ஒண்ணு எழுதி வச்சேன், அதைப் படிச்சுட்டு மெஷின் அப்படியே செஞ்சிடுச்சு. என்னாலதான். "எழுதினதுக்கா ரத்தாயிடுச்சு?" ஆமாம்பா. "அது ஒரு வார்த்த உன்னைக் கேக்கலியா?" கேட்கவில்லை. "என்னையாச்சும் கேட்டிருக்கலாம்" என்றார், கோபமாக இல்லை, குறையாக. பிறகு சிரிக்கப் பார்த்தார், அது இருமலாக முடிந்தது. இருமல் அடங்கும்வரை போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். வண்டி கிடைத்துவிட்டது என்று திரையில் வந்தது, அது இன்னும் துரைப்பாக்கத்தில் இருக்கிறது.

"சரி, நீ வா. யாராச்சும் வரலன்னா என்னைப் போடுறேன்னு மேரி சொல்லுது. வராம எங்க போவாங்க பாவம்" என்றார். இதோ வந்துட்டேன்பா என்று லிப்டை நோக்கி நடந்தேன். "நாக்கு வறண்டு ஒட்டிக்குதும்மா. மடியிலயே இருக்கு, சூடு இன்னும் ஆறல, கை வச்சா தெரியுது. ஒரு வாய் குடிக்கட்டுமா?" வேண்டாம்பா, கட்டில்ல படுத்தப்புறம் குடிக்கலாம், இப்ப உள்ள போனா எடுக்க வழியில்ல, கொஞ்சம் பொறுத்துக்குங்க, என்றேன். சரி என்றார். பிளாஸ்க்கை மடியில் நகர்த்துகிற சத்தம் கேட்டது. லிப்ட் வந்து, கதவு திறந்து, யாரும் இறங்காமல் மூடிக்கொண்டது. அப்பா மறுபடி மூச்சைச் சேர்த்துக்கொண்டு கேட்டார்.

"எவ்வளவு நேரம்மா?"